கொண்டைக் கோழியும் பாலிஷ் அரிசியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலங்காரக் கோழி வளர்ப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, ஒரு ஜோடிக் குஞ்சு என்ன விலைக்குப் போகும் என்பதை விரிவாகச் சொன்னது. அந்தக் குஞ்சைப் பிழைக்கவைப்பது எப்படி என்பதைச் சொல்லவில்லை. தலையில் இறகுக் கொண்டையுள்ள பாலிஷ் கேப், சில்கி ஆகிய இரண்டு அலங்கார இனங்களையும் சில ஆண்டுகளாக வளர்த்து, கவனக்குறைவால் சிலவற்றைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பாலிஷ் கோழியின் கொண்டைக்குக் கீழே நெற்றி எலும்பு குமிழ்போல் மேலெழும்பியிருக்கும். பல பறவைகளில் அந்தக் குமிழ் முழுவதும் எலும்பாக மூடாமல் துளைகளோடு நிற்பதையும், மூளையின் ஒரு பகுதி அதற்குள் ஏறியிருப்பதையும் சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம். ஒரு நாள் குஞ்சின் தலையை விரலால் மெல்லத் தடவினாலே மேடு தட்டுப்படும். சில்கியிலும் சிலவற்றுக்கு இது உண்டு. உருவில் பெரிய நாட்டு இனமான பெருவிடைக் கோழி தலையில் போடும் ஒரு கொத்து, மற்ற கோழிக்குச் சிறு காயம். இதற்கோ உயிர்போகும் அடி. சந்தையில் விற்பவர் எவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொண்டை கண்ணை மறைப்பதால் தீவனத் தட்டில் இவை எப்போதும் கடைசியில்தான் நிற்கும். நாட்டுக்கோழிகளோடு சேர்த்து விட்டிருந்தபோது, தட்டில் தீவனம் மிஞ்சுகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு பெட்டையைக் கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்திமுனைபோல் உறுத்திய பிறகே, அது பல நாள் அரைவயிற்றோடு இருந்தது தெரிந்தது. அன்றுமுதல் இவற்றுக்குத் தனி அடைப்பு, தனித் தட்டு. தண்ணீருக்குத் திறந்த கிண்ணம் வைத்தால் கொண்டை நனைந்து, அழுக்கேறி, கண்ணும் சீழ் கட்டும். அலகால் தொட்டால் மட்டும் சொட்டும் நிப்பிள் குழாய் பொருத்தியபின் அந்தத் தொல்லை விட்டது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கழுத்துத் திருகலைப் பற்றி. திடீரெனக் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப்பக்கம் வளைந்து, கோழி பின்னோக்கி நடந்து விழுவதைக் கண்டதும், இனி பிழைக்காது என்று அறுத்துவிடுகிறவர்களே அதிகம். தலையில் பட்ட அடியால் இது வரலாம். தயமின் (வைட்டமின் பி1), வைட்டமின் ஈ ஆகிய சத்துகளின் குறையாலும் வரலாம். நம் வீடுகளில் கோழிக்குப் போடுவது பெரும்பாலும் மிஞ்சிய சோறும் குருணையும்தான். 1890களில் ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் நரம்பு தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீக்காத அரிசி தின்றவை தேறியதையும் கண்டார். 1929இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அந்த ஆய்வே தயமினை நோக்கிய வழியைத் திறந்தது. பாலிஷ் கோழிக்கு பாலிஷ் அரிசி ஆகாது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (கோழியின் பெயரில் உள்ள பாலிஷுக்கு மெருகு என்று பொருளன்று.) கொழுப்பு ஊசிப்போன பழைய தீவனத்தில் வைட்டமின் ஈ அழிந்துவிடுவதால், மாதக்கணக்கில் மூட்டை வாங்கி அடுக்குவதும் தவறு.

சத்துக்குறையாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு வைட்டமின் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடித்துச் சிறுசிறு வாயாகத் தீவனமும் தண்ணீரும் ஊட்டினால் தேறுவதுண்டு. என்னிடம் ஒரு சில்கி மூன்று வாரத்தில் நிமிர்ந்தது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் ராணிக்கெட் நோய்) தாக்கிய கோழிக்கும் இதே திருகல் வரும் என்பதால், பச்சைக் கழிச்சலோ மூச்சிரைப்போ கூடவே இருந்தால் அதை உடனே தனியாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். இந்நோயைத் தடுக்க முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தையும், எட்டாம் வாரத்தில் போடும் ஊசியையும், 'இது அலங்காரக் கோழிதானே, வீட்டுக்குள்தானே இருக்கிறது' என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

குஞ்சுகளுக்கு 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனமே வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும்; அதைக் குஞ்சுகளுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் எந்தக் கோழிக்கும் போடக்கூடாது. கொண்டைக்குள் பேனும் செள்ளும் ஒளிந்திருக்கும். வாரம் ஒருமுறை இறகை விலக்கிப் பார்க்கவேண்டும். கண்ணை மறைக்கும் இறகை நுனியில் கத்தரிக்கலாம். ரத்தம் ஓடும் இளங்குருத்தைத் தொடக்கூடாது. கத்தரித்தால் அழகு போய்விடும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மேலே வட்டமிடும் பருந்தைக் கடைசிவரை காணாமல் நின்ற சேவல் ஒன்று என் வீட்டில் இருந்தது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் கொண்டை இனங்களின் தீவனம், தடுப்பூசி பற்றிக் கட்டுரை கேட்டு வாங்கி, அரசின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் தொடங்குமுன் அதே வேளாண் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராசிபுரம்.