ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி சேருங்கள்

மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

சி.டி. ஸ்கேன் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. தலையில் அடிபட்டு வருகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிகிறதா என்று சில நிமிடங்களில் காட்டிவிடுவது அது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதும் மூளையின் படத்தைப் பார்த்த பிறகுதான் முடிவாகிறது.

நான் கேட்பது, ஸ்கேனில் உடல் ஏற்ற கதிர்வீச்சின் கணக்கை அறிக்கையில் எழுதித் தருவதை. வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால் உடல் ஏற்பது சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஓராண்டு முழுக்க வருவதே உலக சராசரியில் 2.4தான். (எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. வீணாக அவற்றுக்கு அஞ்சுவோர் நிறையப் பேர்.) 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின் மதிப்பீட்டின்படி, பத்து வயதுக்குள் தலைக்கு சி.டி. எடுத்துக்கொண்ட 10,000 குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். உயிருக்குப் போராடும் நேரத்தில் இதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. சாதாரணத் தலைவலிக்கு எழுதித் தரும் ஸ்கேனிலும், முந்தைய வாரப் படம் கையில் இருக்கும்போதே அடுத்த மருத்துவமனை மறுபடி எடுக்கச் சொல்லும் ஸ்கேனிலும் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

எவ்வளவு கதிர்வீச்சு செலுத்தப்பட்டது என்பதை இன்றைய சி.டி. கருவிகள் தாமே கணக்கிட்டுப் பதிந்து வைக்கின்றன. நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையில்தான் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றில் 206 பேருக்கு மூளை ஸ்கேனில் உரிய அளவைப் போல எட்டு மடங்கு கதிர்வீச்சு போனது. பதினெட்டு மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. 2009இல் ஒரு நோயாளி தன் முடி கொட்டுகிறது என்று சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. அதன்பின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. 2012 ஜூலை முதல் அங்கே சி.டி. அறிக்கையில் கதிர்வீச்சு அளவைப் பதிவது கட்டாயம்.

இங்கே சி.டி. கருவிக்கு உரிமம் தருவது நீங்கள். அளவை அறிக்கையில் அச்சிடுவதையும், குழந்தை என்றால் குழந்தைக்குரிய அளவில்தான் எடுக்கப்பட்டது என்று குறிப்பிடுவதையும் அந்த உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள். எண்ணைப் பார்த்தால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று ஸ்கேன் மையங்கள் சொல்லக்கூடும். சர்க்கரை அளவைச் சீட்டில் அச்சிடுவதால் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் ஒன்றும் வெறிச்சோடிவிடவில்லை.

இப்படிக்கு,
ஸ்கேன் அறிக்கைகளைக் கோப்பில் சேர்த்து வைக்கும் ஒரு குடிமகன்