விறகு விற்றவனுக்கும் ஒரு நாற்காலி

எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், கமிட்டித் தலைவருக்கும், பொருளாளருக்கும், நோட்டீஸ் அடித்த இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் மேலத்தெரு மைக்செட்டுக்காரன் வணக்கம் சொல்லி எழுதுவது. கடையை மகனிடம் ஒப்படைத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் எனக்கு இன்னும் அதுதான் பெயர், வேறு பெயர் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

டீக்கடைச் சுவரில் பங்குனித் திருவிழா நோட்டீஸ் பார்த்தேன். முதல் நாள் கரகம், இரண்டாம் நாள் பொங்கலும் கிடாவெட்டும், மூன்றாம் நாள் முளைப்பாரி கரைத்த பிறகு இரவு 7 மணிக்குப் பட்டிமன்றம். தலைப்பு: ‘தலைமுறை தாண்டி மக்களை மகிழ்வித்த மாபெரும் இசைக் கலைஞர் மெல்லிசை மன்னரா, இசைஞானியா, இசைப்புயலா, ராக்ஸ்டாரா?’ நாலு பேர் படமும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் போன வருஷம் வரைக்கும் அந்த மூன்றாம் நாள் ராத்திரி வள்ளி திருமணம் நாடகத்துக்கு உரியது. நாடகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தத் தலைப்பை வைத்திருக்கிறீர்கள். அதுபற்றித்தான் இந்த மடல்.

பட்டிமன்றத்துக்கு நான் எதிரி இல்லை. மதுரைச் சீமையில் பிறந்துவிட்டு அப்படி இருக்க முடியுமா? சாலமன் பாப்பையா ஐயா டிவியில் பேசினால் எங்கள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. வாதம் நடக்கட்டும். யார் யாரை வைத்து வாதம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

முதலில் அந்த நாலு பேர். ‘மெல்லிசை மன்னரா’ என்று ஒருமையில் போட்டிருக்கிறீர்களே, ராமமூர்த்தி எங்கே போனார்? 1965 வரைக்கும் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து போட்டவைதான் அத்தனையும். உங்கள் பேச்சாளர் மேடையில் எடுத்து விடப்போகும் பாட்டில் பாதி அந்தக் காலத்துப் பாட்டாகத்தான் இருக்கும். பாதி மனிதரை நோட்டீஸிலேயே வெட்டிவிட்டீர்கள்.

இளையராஜாவைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. பண்ணைப்புரம் அன்றைக்கு நம் மதுரை மாவட்டம். 1976ல் அன்னக்கிளி வந்தபோது எனக்குப் பதினாறு வயது, ஒரு கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் அந்த இசைத்தட்டை, நாங்கள் பிளேட்டு என்போம், போட்டதும், சமையல் பந்தலில் இருந்த பெண்கள் ஒரு சின்னப் பையனை அனுப்பினார்கள்: “இதையே இன்னொரு வாட்டி போடச் சொல்லுதாக.” அன்று ஆறு வாட்டி போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்ட பாட்டைப் போட மறந்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ரகுமானால் எனக்குச் செலவுதான். 1992ல் ரோஜா வந்தது. என் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டின் அடித்தொனி வரவே வராது. குழாய் என்பது தூரத்துக்குக் கத்தத்தான் லாயக்கு, அடிவயிற்றில் அதிர்கிற சத்தம் அதில் எழும்பாது. பையன்கள் வந்து, “அண்ணே, பாட்டுல பாதியக் காணோம்” என்றார்கள். கடன் வாங்கிப் பாக்ஸ் ஸ்பீக்கர் இறக்கினேன். 2009ல் அவர் இரண்டு ஆஸ்கரை வாங்கியபோது, அந்தக் கடனை நினைத்துக்கொண்டே கைதட்டினேன்.

அனிருத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. 2011 கடைசியில் அந்தக் கொலவெறிப் பாட்டை நான் போடுவதற்கு முன்பே ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். செல்போனில் கேட்டுவிட்டார்கள். மைக்செட்டுக்காரன் போட்டுத்தான் ஊருக்குப் பாட்டுத் தெரியும் என்ற காலம் அன்றோடு முடிந்தது.

சரி, யார் பெரியவர்? யூடியூபில் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள், எத்தனை விருது என்று உங்கள் பேச்சாளர்கள் கணக்குக் கொண்டு வருவார்கள். என்னிடம் வேறு கணக்கு இருக்கிறது. பிளேட்டுக் காலத்தில் எந்தப் பிளேட்டு தேய்ந்து கரகரத்து மறுபடி வாங்க வேண்டி வந்ததோ, அதுதான் ஜனங்கள் கேட்ட பாட்டு. இதில் பொய் சொல்ல முடியாது, என் கைக்காசு.

சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு மூன்று வாட்டி வாங்கினேன். அது இல்லாமல் எந்த விசேஷமும் தொடங்காது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், அது 1963ல் வந்த பிளேட்டு. அந்த அம்மா பெயரில் முதல் எழுத்தே மதுரைதான், 1916ல் பிறந்தது மீனாட்சி கோயில் பக்கத்தில். நம் ஊர்க் கிழவிகளுக்கு வடமொழி ஒரு எழுத்துத் தெரியாது, ஆனாலும் அது கேட்காமல் வாசல் தெளிக்க மாட்டார்கள். அடுத்தது எல்.ஆர். ஈஸ்வரி. இதை நிறுத்திச் சொல்ல வேண்டும். அம்மன் பாட்டுப் பிளேட்டு நாலு வாங்கினேன். சாமியாடிக்கு அருள் இறங்காமல் பூசாரி திணறும்போது என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார், நான் ஈஸ்வரியம்மாவைப் போடுவேன், அடுத்த நிமிஷம் சாமி வந்துவிடும். அதே குரல்தான் சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டும் பாடியது. அதே குரல்தான் 2011ல் ஒஸ்தி படத்தில் ‘கலாசலா’ பாடியது. உங்களில் பாதிப்பேர் கல்லூரியில் அதற்கு ஆடியிருப்பீர்கள், பாடியது உங்கள் பாட்டி சாமியாடிய குரல் என்று தெரியாமலே. தலைமுறை தாண்டியது யார் என்று கேட்கிறீர்களே, இதைவிட எப்படித் தாண்ட வேண்டும்? நோட்டீஸில் அவர் பெயர் இல்லை. இசையமைப்பாளர்தான் கலைஞர், பாடுகிறவர் கூலிக்காரர் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?

தலைமுறை தாண்டுவது அவ்வளவு லேசும் இல்லை. தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் 1944ல் வந்து சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி பார்த்த படம். என் அப்பா பாகவதர் கிராப்பு வைத்திருந்தார். என் மகனுக்குப் பாகவதர் என்றால் யாரென்றே தெரியாது. இன்றைக்கு நோட்டீஸில் இருக்கிற நாலு படத்தில் எது எது நிற்கும் என்று யார் கண்டது?

அதிகம் தேய்ந்த பிளேட்டு இன்னொன்று. திருவிளையாடல் ஒலிச்சித்திரம். பாட்டில்லை, கதை வசனம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டால் ஊரே திண்ணையில் உட்கார்ந்து கூடவே வசனம் சொல்லும். அதில் வரும் கதையைத்தான் கமிட்டிக்கு ஞாபகப்படுத்த வேண்டும். ஹேமநாதர் என்ற பெரிய பாடகர் வடக்கேயிருந்து வந்து, என்னைப் போலப் பாட உன் நாட்டில் ஆள் உண்டா என்று பாண்டியனிடம் கேட்கிறார். ராஜா தன் சபைப் பாடகர் பாணபத்திரரைப் போட்டிக்கு நிறுத்துகிறார், அவர் நடுங்கிப் போய்ச் சொக்கநாதரிடம் அழுகிறார். சொக்கர் விறகுக்காரனாக வந்து, ஹேமநாதர் தங்கிய வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாடுகிறார். “நீ யார்?” என்று கேட்டால், “பாணபத்திரருக்குச் சீடனாக இருக்க லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவன்” என்கிறார். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படி இருப்பார் என்று ஹேமநாதர் ராவோடு ராவாக ஊரை விட்டுப் போகிறார். படத்தில் ஹேமநாதருக்குப் பாடியது பாலமுரளிகிருஷ்ணா. விறகுக்காரனுக்குப் பாடியது நம் மதுரை டி.எம்.சௌந்தரராஜன். ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலையை மதுரையில் இன்னும் நடத்துகிறார்கள்.

யார் பெரிய பாடகர் என்ற போட்டி நம் ஊருக்குப் புதுசு இல்லை என்பதற்காகச் சொன்னேன். அன்றைக்கும் சபைக்கு அழைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். ஜெயித்தவன் பட்டியலிலேயே இல்லை. அவன் ஹேமநாதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

நம் ஊர் விறகுக்காரன் யார் என்றால் ஸ்பெஷல் நாடகத்து ஆர்மோனியக்காரரும், பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட்டும், கோமாளி பபூனும்தான். தம்பிமார் சிரிக்கலாம். நாற்பது வருஷம் மேடைக்குப் பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். ராஜபார்ட் ஒரு பஸ்ஸில் வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார், ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. பத்து மணிக்கு அரிதாரம் பூசிவிட்டு மேடை ஏறினால், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் விடிய விடிய ஓடும். வள்ளிக்கும் வேடனுக்கும் தர்க்கம் நடக்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து கைதட்டும். நீங்கள் நடத்தப்போகும் பட்டிமன்றம் அதற்குப் பேரன் முறை. நடுவில் பபூன் வந்து அன்றைய தேதிக்கு எந்தச் சினிமாப் பாட்டு ஓடுகிறதோ அதைப் பாடுவார். ஆர்மோனியக்காரர் பாகவதர் மெட்டில் தொடங்கி, விஸ்வநாதன்-ராமமூர்த்திக்குப் போய், இளையராஜாவில் நின்று, பையன்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் ரகுமானையும் இழுப்பார். உங்கள் நாலு அணியையும் ஒரே ராத்திரியில், காலால் மிதித்து வாசிக்கிற ஒரே கால்பெட்டியில், பாட்டியும் அம்மாவும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க, வாசித்துக் காட்டிய ஆள் அவர் ஒருவர்தான். இளையராஜாவே சினிமாவுக்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராய்ப் போனவர்தான்.

இந்த மேடைக்காக உயிரை விட்டவரும் உண்டு. திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ், வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அன்றைக்கு நடந்ததும் இதே வள்ளி திருமணம்தான்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ரெண்டு மணி இருக்கும், கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் காலை வாரியது. நான் டார்ச்சோடு ஓடுகிறேன், கைகால் உதறுகிறது. மேடையில் வள்ளி நிறுத்தவே இல்லை. பந்தக்கால் பக்கத்தில் இருந்த இரண்டு அரிக்கேன் விளக்கைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். கடைசியில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்து வந்தார்கள். இருபது நிமிஷம் அந்த அம்மா வெறும் தொண்டையில் பாடியது. நான் எப்படியோ சரி பண்ணி, மைக் ‘கொய்ய்’ என்று கத்தியதும் கூட்டத்தில் ஒரு பெரியவர் திரும்பி, “அத அமத்துய்யா” என்றார். அமத்தினேன். என் தொழிலுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. அதைவிட நல்ல பாட்டும் நான் கேட்டதில்லை.

இவ்வளவு பேசுகிறவன் என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். 1986ல் இதே கமிட்டியிடம் வந்து, “நாடகத்துக்கு எதுக்கு இம்புட்டுக் காசு? நான் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டாரேன், ராத்திரிக்கு மூணு படம்” என்று சொன்னவன் நான்தான். எனக்கு அதில் லாபம் கூட. அஞ்சு வருஷம் நாடகம் நின்றது. ஆறாவது வருஷம் கிழவிகள் சண்டை பிடித்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிழவிகளில் இப்போது யாரும் இல்லை. அதனால்தான் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நோட்டீஸ் அடித்தாயிற்று, பேச்சாளர்களுக்கு அட்வான்ஸ் போயிருக்கும். பட்டிமன்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாலு நாற்காலிக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று போடுங்கள். போன வருஷம் நம் ஊருக்கு வந்த ஆர்மோனியக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் பேச மாட்டார், பேச்சு வராது. ஒவ்வொரு அணியும் பேசி முடித்ததும் அந்த அணியின் பாட்டு ஒன்றை அவர் வாசிக்கட்டும். கடைசியில் அவர் தன் அணிக்காக வள்ளி தர்க்கத்திலிருந்து கால் மணி நேரம் வாசிக்கட்டும், பாட ஒரு ஸ்திரீபார்ட்டையும் கூட்டி வரச் சொல்லுங்கள். பிறகு நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னாலும் எனக்குச் சம்மதம், அது இளையராஜா என்று வந்தாலும். வந்தால் வருத்தப்படவா போகிறேன்?

அடுத்த வருஷம் மூன்றாம் நாளை நாடகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டம் தெரியும், அதைக் காரணம் காட்டுவீர்கள் என்றும் தெரியும். குழாய் வேண்டாம். பந்தலுக்குள்ளேயே திருப்பி வைத்த ரெண்டு சின்னப் பாக்ஸ் போதும், ஆறு மணிக்கே ஆரம்பித்துப் பத்துக்கு முடிக்கிற மாதிரி நாடகத்தைச் சுருக்கித் தரச் சொன்னால் தருவார்கள். காவல் நிலைய அனுமதிக்கு நானே வந்து நிற்கிறேன். செட்டுக்கு வாடகை வேண்டாம், மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

இப்படிக்கு,
மேலத்தெரு மைக்செட்டு

பி.கு.: ஆர்மோனியம் கால்பெட்டி என்பதால் மேடைப் பலகை ஆடக் கூடாது. போன வருஷம் அவர் மிதிக்க மிதிக்கப் பெட்டி முன்னால் நகர்ந்துகொண்டே போனது, நான்தான் செங்கல் முட்டுக் கொடுத்தேன். பந்தல்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.