கடல் சுடும்போது எந்தக் கூண்டு ஏற்றுவீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாம்பன் தீவில் பாசி எடுக்கும் பெண். வயது 56. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுவது நான்தான். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் இறங்கினோம், காயவைத்த பிறகு எத்தனை கிலோ நின்றது என்று 20 வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் நாளிதழ் காலை ஏழு மணிக்கே எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வந்துவிடும். அதில் நான் முதலில் தேடுவது காற்றும் அலையும் போடுகிற சின்னப் பெட்டியைத்தான். அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். பாசி அதிகம் தென்கடலில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி ஆறு ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் வேலை. விரலில் துணி சுற்றி, காலில் தட்டு கட்டி, கண்ணாடி மாட்டி மூச்சைப் பிடித்து இறங்குவோம். மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் நல்ல விலை. நோன்பு காலத்தில் நீங்கள் சாப்பிடும் கடல்பாசியும், ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்க்கிற அகரும் இந்த மாதிரிப் பாசிகளில் இருந்து வருவதுதான். மரிக்கொழுந்து வளர்வது செத்த பவளப்பாறை மேல். அதற்கு நாலு முழம் தள்ளி உயிருள்ள பவளப்பாறை இருக்கும், அதைப் பார் என்போம். அதனால் பவளத்தின் சாவும் உயிரும் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம்தான்.

2016-ஐச் சொல்கிறேன். அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். விசைப்படகுக்குத்தான் அந்தத் தடை. ஆனாலும் மீன் முட்டையிடும் காலம் என்று நாங்களும் பாசிக்கு ஓய்வு விட்டுவிடுவோம். தடை முடிந்து ஜூன் முதல் வாரம் அமாவாசைக்கு இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் கால் வைத்ததும் தெரிந்தது, அடுப்பிலிருந்து இறக்கி ஆறப்போட்ட கஞ்சி மாதிரி ஒரு சூடு. குனிந்து பார்த்தால் மான்கொம்புப் பவளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து நின்றது. தட்டுத் தட்டாக இருக்கும் பவளத்தில் ஓரம் மட்டும் வெளிர் ஊதாவாக மினுங்கியது. சின்னப் பெண்கள் இரண்டு பேர் அழகாக இருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனோம். அங்கே வெள்ளையும் இல்லை. பழுப்பாக வழுவழுவென்று ஏதோ படர்ந்திருந்தது. விரல் வைத்தால் சளி மாதிரி ஒட்டியது. அது செத்து நாளாகிவிட்ட பவளம்.

இதில் என்னை இன்றுவரை தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 45 நாளும் நாங்கள் யாரும் அங்கே கை வைக்கவில்லை. விசைப்படகு ஓடவில்லை, மடிவலை இழுக்கவில்லை. யாரும் தொடாத நாட்களில்தான் அது செத்தது.

வெளுத்துப் போவதும் செத்துப் போவதும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு கூட்டம் போட்டு விளக்க வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். பவளம் ஒரு உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலை வைத்துச் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. நிறமும் அந்தப் பாசியால் வருவதுதான். தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிடும். எங்கள் பகுதியில் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. சமைக்கிறவள் வெளியே போன வீட்டில் பட்டினிதானே? சில வாரத்தில் தண்ணீர் ஆறினால் பாசி திரும்பும், நிறம் திரும்பும். ஆறாவிட்டால் சாவு. அந்த வருடம் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கணக்கெடுத்துச் சொன்னார்கள். 2010-லும் இப்படி ஒரு அடி விழுந்திருந்தது. அதிலிருந்து மெல்ல எழுந்து வந்ததுதான் 2016-ல் மறுபடி விழுந்தது. 2024-ல் மறுபடியும். அந்த ஏப்ரலில்தான் உலகம் முழுக்க நான்காவது பெரும் பவள வெளுப்பு நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். முதலாவது 1998. 1998-க்கும் 2010-க்கும் நடுவே 12 வருடம் இருந்தது, பிறகு அவ்வளவு இடைவெளி கிடைக்கவில்லை.

பாறை செத்தால் உங்களுக்குப் பாசி கூடத்தானே செய்யும் என்று ஒரு வியாபாரி கேட்டார். கேட்டதில் தப்பில்லை, எனக்கும் அந்த நினைப்பு ஒரு நிமிடம் வந்ததுதான். ஆனால் செத்த பார் அப்படியே நிற்பதில்லை. உயிருள்ள பவளம்தான் மேலே மேலே கட்டிக்கொண்டு போகும். செத்ததை அலை உடைக்கும், புழுவும் சிப்பியும் துளைக்கும், கடைசியில் சல்லியாகிக் கரைக்கு வரும். கடல் கரியமில வாயுவைக் குடித்துப் புளிப்பேறி வருவதால் புதிதாகச் சுண்ணாம்பு கட்டுவதும் கஷ்டமாகிறதாம். பார் உடைந்தால் பாசிக்கும் ஒட்ட இடமில்லை. ஓரா, கிளிமீன், கலவா எல்லாம் குஞ்சு காக்கிற பொந்து போய்விடும். பாசி எடுக்கும்போது முன்பெல்லாம் காலைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாகக் குஞ்சுகள் கூட்டமாக வந்து மொய்க்கும். இப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

பாருக்குப் பின்னால்தான் தீவுகள் நிற்கின்றன. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்குள். காரைச்சல்லித் தீவு 1969-ல் 20 எக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது 3 எக்டேர் சொச்சம்.

இந்தத் தீவுகள் கரைந்ததற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. எங்கள் கையும் காரணம், அதை மறைக்க மாட்டேன். என் அப்பா காலத்தில் பவளக்கல் வெட்டி வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டுபோனார்கள். நான் பிறந்த வீட்டின் அஸ்திவாரமே பார்க்கல்தான். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு கெடுபிடி வந்தது, சுனாமிக்குப் பிறகு ஊரே விட்டுவிட்டது. அலையை மறித்ததில் இந்தப் பாருக்கும் ஒரு பங்கு உண்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. பாசியையும் முன்பு இரும்புச் சுரண்டியால் சுரண்டினோம். எங்கள் பெண்களே கூடிப் பேசி அதை நிறுத்தினோம். இப்போது வெறும் கைதான், விரல் கிழிந்தாலும் கைதான். எங்களால் நிறுத்த முடிந்ததை நிறுத்திவிட்டோம். தண்ணீர் சுடுவதை எங்கள் கையால் எப்படி நிறுத்துவது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாகிவிட்டது. பூங்கோரை என்போம். பூங்கோரை எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அந்தத் தடவை வந்தது போல் நான் பார்த்ததில்லை. தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினால் அரைத்த கீரை மாதிரி இருந்தது. கரையில் செத்து ஒதுங்கிய மீன்களில் பாதி, பார் பொந்தை விட்டு வெளியே வராத ஜாதி. விலாங்குகூடக் கிடந்தது. நுண்ணுயிர் ஒன்று பெருகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் குறைந்து மூச்சுத்திணறிச் செத்தவை என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரம் நோட்டில் கிலோ எழுதும் இடத்தில் ‘இறங்கவில்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு வருடத்துப் பூங்கோரைக்கு வெப்பம்தான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். ஏற்கெனவே இளைத்துப்போன பாருக்கு இப்படி ஒன்று வந்து சேர்ந்தால் தாங்காது.

பூமியில் கூடிவரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கரையில் இருப்பவர்களுக்கு இந்த அளவுக்காவது வாழ முடிகிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2024-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இந்தியப் பெருங்கடலில் 1970 முதல் 2000 வரை வருடத்துக்கு 20 நாள் அளவில் இருந்த கடல் வெப்ப அலை, புகை குறையாவிட்டால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் 220 முதல் 250 நாள் வரை போகுமாம். என் பேத்திக்கு இப்போது நாலு வயது. வருடத்தில் எட்டு மாதம் காய்ச்சலில் கிடக்கும் கடலை அவள் பார்க்க நேரலாம்.

புயல் வந்தால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்றால் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். கள்ளக்கடல், அதாவது கரையில் காற்றே இல்லாமல் திடீரென்று எழும் பேரலை, வரும் என்றால் ரேடியோவில் சொல்கிறார்கள், நீங்களும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். கடல் சுட்டால் எந்தக் கூண்டும் ஏறுவதில்லை. தகவல் இல்லை என்றும் சொல்ல முடியாது. கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கிற ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனமே செயற்கைக்கோள் வைத்துக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தைப் பார்த்து, மன்னார் வளைகுடாவுக்கும் சேர்த்துப் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது இணையதளத்தோடு நின்றுவிடுகிறது. என் மகன் செல்போனில் தேடிக் காட்டிய அன்றுதான் எனக்கே தெரியும். ஊரில் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே என் கோரிக்கை. மார்ச் முதல் ஜூன் வரையாவது, அந்தச் சின்னப் பெட்டியில் காற்று, அலை இவற்றுக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள். மன்னார் வளைகுடாவில் இன்று கடல்நீர் இத்தனை டிகிரி, வெளுப்பு எச்சரிக்கை இருக்கிறது, இல்லை. அவ்வளவுதான். வெப்பத்தை அது குறைக்காது, எனக்குத் தெரியும். ஆனால் வெளுத்து உயிருக்குப் போராடும் பாரை அந்த நாட்களில் மிதிக்காமல் இருக்கலாம். தடைக்காலத்துக்கு முன்னாலேயே சூடேறிவிட்டால் நாங்கள் முன்கூட்டியே ஓய்வை ஆரம்பித்துக்கொள்ளலாம். வள்ளக்காரர்கள் நங்கூரத்தை மணலில் போடலாம். தீவுப் பக்கம் சுற்றுலாப் படகு விடுகிறவர்களிடம் சில வாரம் நிறுத்தச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம். கேட்கும்போது கையில் காட்ட அச்சில் ஒன்று வேண்டும். செல்போனைக் காட்டினால் யாரும் மதிப்பதில்லை, பேப்பரைக் காட்டினால் மதிப்பார்கள்.

நீங்கள் போட ஆரம்பித்தால், டீக்கடைப் பக்கத்துச் சுவரில் அமாவாசை, பௌர்ணமி தேதி எழுதிப்போடும் கரும்பலகையில் அந்த டிகிரியையும் தினமும் நானே எழுதி வைக்கிறேன். சாக்பீஸ் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண்,
பாம்பன்.

(தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பதில் எங்களுக்குச் சட்டச் சிக்கல் இருக்கிறது. அதனால் என் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)