வேலைக்குத் துணை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளான நம் வளர்ந்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். "முதலில் பயிற்சி முடியட்டும், அப்புறம் வேலை தேடலாம்" என்றுதான் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். துணையுடன் கூடிய வேலைவாய்ப்பில் இது தலைகீழ்: முதலில் சம்பளமுள்ள உண்மையான வேலை, பயிற்சி அந்த இடத்திலேயே. பயிற்சி மையத்திலேயே வருடக்கணக்கில் இருந்துவிடும் பிள்ளைகளை நினைத்தால், இதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

இதில் முக்கியமானவர் வேலைப் பயிற்றுநர். கூடவே போய், வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் காட்டுவார். துணி மடிப்பதென்றால் விரிப்பது, ஓரம் சேர்ப்பது, மடிப்பது, அடுக்குவது என ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு படம் ஒட்டுவார். பிள்ளைக்குப் பழகப் பழக அவர் ஒதுங்கிக்கொள்ள, பக்கத்தில் வேலை செய்பவரே சொல்லித் தரத் தொடங்குவார். ஆனாலும் மேலாளர் மாறினாலோ, புது இயந்திரம் வந்தாலோ பயிற்றுநர் திரும்ப வரவேண்டும். சேரும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஐபிஎஸ் (Individual Placement and Support, அதாவது ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலையும் துணையும்) என்ற முறை உண்டு. வேலை செய்யும் விருப்பம் இருந்தால் போதும். நோயின் தீவிரத்தைக் காட்டி ஒதுக்க மாட்டார்கள்.

2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. சம்பளமில்லாப் பயிற்சிக் காலம் நீண்டுகொண்டே போனால் இதைச் சொல்லித் தைரியமாகக் கேளுங்கள்.

பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தம், எந்த நேரம் ஒத்துவராது என்று இப்போதே எழுதி வையுங்கள். நல்ல பயிற்றுநர் முதலில் கேட்பது அதைத்தான்.