டைரி நின்ற இடத்தில் பாடத்தை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் எழுதிய டைரியைப் பற்றி உங்கள் மாணவர் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறவள், இதே டைரியை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துகிறவள். அதனால் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

டைரியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்று கட்டுரை சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்ட்டில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் அதை நோட்டில் இறக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அல்ஜீப்ரா பிடிக்காத, அம்மாவோடு ஓயாமல் முட்டிக்கொள்கிற, அக்காவையே எல்லாரும் புகழ்கிறார்கள் என்று புகைகிற 13 வயதுப் பெண் ஒருத்தி என்றால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதுவரைக்கும் சரி.

கட்டுரை போய் முடிந்த இடம்தான் எனக்கு இடிக்கிறது. இருட்டிலும் நம்பிக்கை இழக்காத சிறுமி, மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்களே என்று நம்பியவள், முற்றும். பெரும்பாலான வகுப்புகளும் இப்படித்தான் முடிகின்றன. அவள் அதை எழுதியது 1944 ஜூலை 15 அன்று. அதே பதிவில், அடுத்த சில வரிகளுக்குள்ளேயே, தங்களையும் அழிக்கப்போகிற இடிமுழக்கம் நெருங்கி வருவதைப் பற்றியும் லட்சக்கணக்கானவர்கள் படும் பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். போஸ்டர் அடிக்கிறவர்கள் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே 3 பதிவில், போருக்குப் பெரிய தலைவர்கள் மட்டும் காரணமில்லை, சாதாரண மனிதனுக்கும் அதில் பங்கு இருக்கிறது, இல்லாவிட்டால் மக்கள் எப்போதோ எதிர்த்து எழுந்திருப்பார்கள் என்று கோபமாகச் சொல்கிறாள். இதையெல்லாம் நறுக்கிவிட்டு மிச்சத்தைச் சுவரில் ஒட்டுவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

டைரியின் கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. ஆகஸ்ட் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் 263 என்ற கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்திருந்த எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். ஆகவே ஹோலோகாஸ்ட் பாடம் என்று நாம் பெயர் வைத்து நடத்துகிற புத்தகத்தில் முகாம் கிடையாது, ரயில் கிடையாது, சாவு கிடையாது. அவற்றுக்கு முன்னாலேயே பேனா நின்றுவிட்டது. மீதியை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பிள்ளைகள் அதை ஏதோ பூட்டிய வீட்டில் நடந்த ஒரு காதல் கதை மாதிரி (கூட ஒளிந்திருந்த பையன் பீட்டர் வேறு இருக்கிறான் அல்லவா) நினைவில் வைத்துக்கொள்வார்கள். நான் கேட்டிருக்கிறேன், டைரியைப் படித்து முடித்த பிள்ளைகளில் பலருக்கு அவள் எப்படிச் செத்தாள் என்று தெரியாது, தெரியும் என்கிறவர்கள் விஷவாயுவில் என்பார்கள். அப்படியில்லை. செப்டம்பர் 3 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கிளம்பிய கடைசி ரயிலில் ஏற்றப்பட்ட 1,019 பேரில் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆனும் அக்கா மார்கோட்டும் அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மனியில் இருந்த பெர்கன் பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். பெர்கன் பெல்சனில் விஷவாயு அறையே கிடையாது. பசி, குளிர், நெரிசல், டைஃபஸ் காய்ச்சல், இவை போதுமானதாக இருந்தன. 1945 தொடக்கத்தில் அக்காவும் தங்கையும் இறந்தார்கள், ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. அம்மா ஜனவரியிலேயே ஆஷ்விட்ஸில் போய்விட்டார். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியது அப்பா ஓட்டோ ஒருவர்தான்.

பின்னால் நடந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். "ஏன் மிஸ் அவங்க முன்னாடியே வேற நாட்டுக்குப் போகல?" இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. இதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் ஏமாளிகள் போல என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும். உண்மையில் ஃபிராங்க் குடும்பம் ஏற்கெனவே ஒரு முறை ஓடி வந்த குடும்பம், ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்த கையோடு ஃபிராங்ஃபர்ட்டை விட்டுவிட்டு நெதர்லாந்துக்கு வந்தவர்கள். அங்கேயும் நிலைமை சரியில்லை என்று தெரிந்ததும் ஓட்டோ அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தார். 1940 மே மாதம் நெதர்லாந்தைப் பிடிக்க வந்த ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமில் குண்டு போட்டபோது அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தோடு விண்ணப்பங்களும் எரிந்தன. 1941இல் அமெரிக்காவில் இருந்த தன் பழைய நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்கு, பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன் என்று கடிதம் எழுதினார். அந்த நண்பர் சாதாரண ஆள் இல்லை, அரசாங்கத்தில் செல்வாக்கு உள்ளவர், அவராலும் ஒன்றும் ஆகவில்லை. விதிகள் இறுகின, தூதரக அலுவலகங்கள் மூடப்பட்டன, கியூபா விசா ஒன்று டிசம்பரில் கிடைத்து அதே மாதம் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டதும் ரத்தானது. இந்தக் கடிதங்கள் நியூயார்க் ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து 2007இல் வெளியே வந்தன. டைரியோடு இந்தக் கதையையும் சொல்லிப் பாருங்கள், கதவைச் சாத்தியவர்கள் யார் யார் என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் 1942 ஜூன் 20 பதிவு. அதை நான் வரிவரியாக நடத்துவேன். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும், சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, கடைக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போய்வர வேண்டும், தனிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். சைக்கிள் என்ற இடத்தில் வகுப்பு நின்றுவிடும். இவையெல்லாம் அரசாங்க உத்தரவாக, கையெழுத்தும் தேதியும் போட்டு வந்தவை. யார் யூதர், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற பதிவேட்டை நகராட்சி எழுத்தர்கள் அழகாகப் பராமரித்து வைத்திருந்தார்கள். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய 1,02,000 பேர் கொல்லப்பட்டதற்கு அந்த ஒழுங்கான பதிவேடும் ஒரு காரணம். ஒளிந்திருந்தவர்களைப் பிடிக்க வந்த நாஜி அதிகாரி சில்பர்பாயர் ஆஸ்திரியாக்காரன், ஆனால் கூட வந்த போலீஸ்காரர்கள் டச்சுக்காரர்கள். உயிரைப் பணயம் வைத்து இரண்டு வருஷம் சோறு போட்ட மீப் கீஸும் பெப் வோஸ்கெய்லும் கூட அதே ஊரில் வாழ்ந்தவர்கள்தான். நல்லவர்களா கெட்டவர்களா என்ற பேச்சை விட்டுவிட்டு, இந்த வேலையை யார் செய்தார்கள், யார் மறுத்தார்கள் என்று கேட்டால் பாடம் வேறு மாதிரி போகும்.

இன்னொன்று. ஆன் மட்டும் எழுதவில்லை. போலந்தில் லோட்ஸ் நகரத்தில், பின்னால் கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த பகுதி), தாவித் ஷெராகோவியாக் என்ற பையன் 1939 கோடையிலிருந்து எழுதினான். அவன் எழுதியதில் ஐந்து நோட்டுகள் கிடைத்திருக்கின்றன. மார்க்ஸியம், லத்தீன், புத்தகம் என்று அலைகிற கெட்டிக்காரப் பையன், போகப்போக அவன் பக்கங்களில் ரொட்டியும் சூப்பும் தவிர வேறெதுவும் இல்லாமல் போகிறது. வீட்டுக்குக் கிடைக்கிற அளவு ரொட்டியில் மற்றவர்கள் பங்கையும் அப்பாவே தின்றுவிடுவதை அவன் மறைக்காமல் எழுதுகிறான். 1942 செப்டம்பரில் டாக்டர்கள் வந்து பார்த்து அவன் அம்மாவை வேலைக்கு ஆகாதவர் என்று கொண்டுபோனார்கள். அன்றைய பதிவை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க என்னால் முடியாது, பிள்ளைகளிடம் கொடுத்து அவரவர் படிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். 1943 ஆகஸ்டில், 19 வயதில், பசியும் காசநோயும் அவனை முடித்தன. பசி ஒரு குடும்பத்தை உள்ளிருந்து எப்படித் தின்னும் என்பதை ஆனின் டைரி காட்டாது, காட்டவும் முடியாது, அவளுக்குச் சோறு கொண்டுவர ஆள் இருந்தது. லிதுவேனியாவின் வில்னா கெட்டோவில் இத்ஸ்கோக் ருதாஷெவ்ஸ்கி என்ற பையன், கெட்டோ நூலகம் ஒரு லட்சமாவது புத்தகத்தை இரவல் கொடுத்த நாளைக் கொண்டாடியதை எழுதியவன், 15 வயதில் வில்னாவுக்குப் பக்கத்தில் உள்ள போனாரி காட்டில் சுடப்பட்டான்.

பிராக் நகரத்துப் பையன் பெட்ர் கின்ட்ஸ், தெருவில் மஞ்சள் நட்சத்திரம் குத்திப் போகிறவர்களை ஷெரீஃப்கள் (நட்சத்திர பேட்ஜ் போட்ட அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகள்) என்று கேலியாக எண்ணிக்கொண்டு போனவன், 1944இல் ஆஷ்விட்ஸில் 16 வயதில் கொல்லப்பட்டான். நிலவிலிருந்து பூமி எப்படித் தெரியும் என்று அவன் வரைந்த படத்தின் நகலைத்தான் இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துப் போனார். கல்பனா சாவ்லா போன அதே பயணம். 2003 பிப்ரவரி 1, கலம் சிதறிய அந்த நாள், பெட்ரின் 75ஆவது பிறந்தநாள். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் பிராக்கில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த அவன் டைரி வெளியே வந்தது.

கட்டுரையில் மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு கொடுத்திருந்தீர்கள். ஒரு மூலையில் ஒளிந்திருப்பதாகக் கற்பனை செய்து ஒரு நாள் டைரி எழுதச் சொல்லி. தயவுசெய்து வேண்டாம். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்கு எழுதிய வழிகாட்டுதலிலேயே இப்படி நடித்துப் பார்க்கிற பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்த பிள்ளை, தனக்கு அது புரிந்துவிட்டது என்று நினைத்துவிடும், இல்லை என்றால் நன்றாக நடிக்கிறேன் பேர்வழி என்று சிரிப்பில் முடியும். பிணக்குவியல் படங்களைப் பெரிதாகப் போட்டு அதிர வைப்பதும் எனக்கு ஒப்பாது. அதற்குப் பதில் ஒரு பதிவை எடுத்து, அன்று இவளுக்கு என்ன தெரிந்திருந்தது, ஐரோப்பாவில் வேறெங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று தேடச் சொல்லலாம். 1942 அக்டோபர் 9 பதிவில், கொண்டுபோகிறவர்களை விஷவாயுவில் கொல்வதாக ஆங்கில வானொலி சொல்கிறது என்று எழுதியிருக்கிறாள். ஒளிந்திருந்த சிறுமிக்கே அது எட்டியிருக்கிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இன்னும் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். இந்த டைரி போலி, பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது என்று ஒரு பொய் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிள்ளைகள் போனில் அதைப் பார்க்கிறார்கள். பால்பாயிண்ட் எழுத்து இருந்தது பிற்காலத்தில் யாரோ ஆராய்ச்சிக்காக இடையில் செருகிய இரண்டு துண்டுத் தாள்களில். டச்சுப் போர் ஆவண நிறுவனம் காகிதம், மை, கையெழுத்து எல்லாவற்றையும் சோதித்து 1986இல் முழுப் பதிப்பாகவே போட்டிருக்கிறது. டைரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் உண்டு என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. 1944 மார்ச் 28 அன்று லண்டனுக்குத் தப்பிப் போயிருந்த டச்சு அரசாங்கத்தின் அமைச்சர் போல்கஸ்டைன் அங்கிருந்து வானொலியில் பேசி, டைரி, கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள், போருக்குப் பிறகு சேகரிப்போம் என்றார். அதைக் கேட்டு ஆனே தன் டைரியைத் தனித்தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தாள். ஓட்டோ இரண்டையும் சேர்த்து, சிலதை விட்டு, 1947இல் வெளியிட்டார். ஒரு ஆவணத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் இதைத் தொடராகப் போடுங்கள், வாரம் ஒரு டைரி, ஒரு பதிவு மட்டும் எடுத்து. கூடவே அந்த வாரம் அந்த ஊரில் வந்த உத்தரவு என்ன, எழுதியவரைக் கடைசியில் எங்கே கொண்டுபோனார்கள், நோட்டு யார் கையில் தப்பியது, இந்த மூன்றையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டு, பக்கத்தில் ஒரு வரைபடமும் கொடுத்தால் வகுப்பில் நாங்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம். முதல் வாரம் ஆன் வேண்டாம், தாவித்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை