கைபேசி உறைக்குக் கார்பன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைபேசி, வாக்கி டாக்கி, மல்டிமீட்டர் போன்ற கையடக்கக் கருவிகளுக்கு அளவெடுத்து ஃபைபர் உறை செய்துகொள்ளும் ஆர்வம் வேலூர், காட்பாடிப் பக்கம் படிக்கும் மாணவர்களிடம் இருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கேட்கிற எல்லோருக்கும் கறுப்புக் கட்டம் போட்ட கார்பன் ஃபைபர்தான் வேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பொருந்தாத துணி அது. ஃபைபர் பட்டறையில், இழைத் துணியை நனைத்து இறுகவைக்கும் பிசினான ரெசினோடு நாளும் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கைபேசியின் ஆன்டெனா பெரும்பாலும் மேல், கீழ் விளிம்புகளில் இருக்கும். அதைக் கார்பனால் மூடினால் சிக்னல் விழும். ஈடுகட்டக் கைபேசி கூடுதல் சக்தியில் அலைபரப்பும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூடும் ஏறும். முதுகுப் பக்கம் மூடினால் வயர்லெஸ் சார்ஜ் ஏறாது, உறைதான் சுடும். சோதிப்பது எளிது. ஆண்ட்ராய்டு கைபேசியில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் தெரியும். ஒரே இடத்தில் வைத்து, உறையோடும் உறையில்லாமலும் பாருங்கள். மைனஸ் 85 இருந்தது மைனஸ் 95 ஆனால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். மல்டிமீட்டருக்குக் கார்பன் உறை போடுவது இதைவிட மோசம். 230 வோல்ட்டில் வேலை பார்க்கிறவர் கையில் கடத்தியைக் கொடுக்கக் கூடாது.

கண்ணாடி இழைத் துணிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, விலையும் குறைவு. குண்டு துளைக்காத உடைக்குப் பயன்படும் கெவ்லார் இழையும் அலையைத் தடுக்காது. ஆனால் சாதாரணக் கத்தரிக்கு மசியாது, உப்புத்தாள் போட்டால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். பழகாதவர்களுக்கு வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் கிடைக்கும் ‘மேட்’டை, அதாவது நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பை, வாங்கி எபாக்சி ரெசினில் நனைக்கிறார்கள். அந்த மேட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் கரையாததால் மேட் விறைப்பாகவே நிற்கும், மூலைகளில் படியாது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நெய்த கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள். சாதாரண அளவுக் கைபேசிக்கு 22 செ.மீ.க்கு 14 செ.மீ. துண்டு நான்கு போதும். நான்கும் சேர்ந்து 25 கிராம்தான் வரும். கையால் பூசினால் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் கிடைக்கும். வெளி அடுக்கு இரண்டும் நேராக, உள் அடுக்கு இரண்டும் 45 பாகைச் சாய்வில் இருக்கட்டும். அடுக்கும் முறை இருபக்கமும் ஒத்திருக்காவிட்டால் உறை இறுகும்போதே முறுக்கிக்கொள்ளும்.

ரெசின் கலப்பதில்தான் அதிகப் பேர் கெடுக்கிறார்கள். பாலியஸ்டரில், அதை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். அந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவரக் கூடாது. எல்.ஒய்.556 என்ற எபாக்சி ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் எச்.ஒய்.951 ஹார்டனர் எடைக்கணக்கில் 100க்கு 10. கூட்டினால் வேகம் வராது. மீந்த ஹார்டனர் உள்ளேயே கிடந்து உறையைப் பலவீனமாக்கும். ஓர் உறைக்கு 30 கிராம் ரெசினும் 3 கிராம் ஹார்டனரும் போதும். அந்த 3 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுத்தால் 1 கிராம் பிசகினாலும் மூன்றில் ஒரு பங்கு தப்பு. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன மின்தராசு தேவை. கலந்ததை ஒடுக்கமான கப்பில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டு, அரை மணிக்குள் பூசி முடித்துவிட வேண்டும்.

அச்சுக்கு உண்மைக் கைபேசியைப் பயன்படுத்தாதீர்கள். ரெசின் ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கினால் அத்தோடு முடிந்தது. அதே அளவில் மரத்திலோ 3டி பிரிண்ட்டிலோ ஒரு மாதிரி செய்து, ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. பெரிதாக்குங்கள். மூலைகளை 3 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டிவிட வேண்டும். கூரான மூலையில் துணி ஒட்டாமல் பாலம் போல நிற்கும், அடியில் காற்று தங்கும், முதல் முறை கீழே விழும்போது அங்கேதான் உடையும். உறை ஒட்டிக்கொள்ளாமல் கழல, மாதிரியின் மேல் மெழுகு நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றையும் துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகே அடுத்தது. கேமரா துளையை முன்கூட்டியே விடாதீர்கள். இறுகிய பிறகு வெட்டுவதுதான் சுத்தமாக வரும். ரப்பர் உறை மாதிரி இது இழுபடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சுற்றிலும் உதடு (கைபேசியைப் பிடித்துக்கொள்ள உள்பக்கம் மடியும் விளிம்பு) வைத்தால் கைபேசி உள்ளே போகாது. நீளப் பக்கங்களில் மட்டும் அரை மி.மீ. உதடு விட்டு, மேலும் கீழும் திறந்து விடுங்கள்.

ஒரு நாளில் இறுகிவிடும். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். அத்தோடு நிறுத்துவது நம்ம ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி, கத்திரி வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் இளகி, பிடி தளர்ந்துவிடும். அச்சிலிருந்து கழற்றி, அதே அளவு மரக்கட்டையை உள்ளே செருகி, ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு, 50 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு மெல்ல ஏற்றி 80 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், ஆளில்லாமல் பெட்டியை எரியவிடவும் வேண்டாம். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாதிரியோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தால், அது 60 டிகிரியிலேயே குழைந்து உறையையும் கோணலாக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேலே பிசுபிசுப்பு படிந்தால் வெந்நீரில் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். அதன்மேல் நேரடியாக அடித்த வார்னிஷ் உரிந்து வரும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் இரு கலவை பியு (பாலியூரித்தேன்) கிளியர் என்ற நிறமற்ற பூச்சு அடித்தால்தான் எபாக்சி வெயிலில் மஞ்சளாகாது.

ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, உறைக்குள் வெல்வெட் ஒட்டுகிறார்கள்! லைனிங் தோல் துண்டை 0.6 மி.மீ.க்குச் சீவி வாங்கி, செருப்பு வேலைக்குப் பூசும் ரப்பர் பசையால் ஒட்டினால் கருவிக்கு நல்ல மெத்தை. மாதிரியை முதலிலேயே அந்த அளவுக்கும் சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். சூடேற்றி முடித்த பிறகே தோல் ஒட்டுங்கள். 80 டிகிரியில் தோல், அதிலும் பட்டைப் பதனிட்ட தோல், சுருங்கிவிடும்.

வெட்டுவதும் தேய்ப்பதும் தண்ணீர் விட்டுத்தான். என்95 முகமூடியும் வேண்டும். நைட்ரைல் கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாசனை பட்டாலே அரிக்கும். கையில் பட்ட ரெசினை அசிட்டோனால் கழுவுவது அதைத் தோலுக்குள்ளேயே இறக்கும். துணியால் துடைத்து, சோப்புப் போடுங்கள்.

மீந்த ரெசினையும் அசிட்டோனையும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மாவட்டம் இது. மீந்த ரெசினை ஹார்டனரோடு தட்டில் பரப்பி இறுகவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். அழுக்கான அசிட்டோனை மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைத் தொழிலாளர்கள்,
காட்பாடி.