ஸ்டேக் கடை திறந்தவர்களுக்கு, தக்கலையிலிருந்து ஒரு மடல்

கடை உரிமையாளருக்கும், அடுப்படியில் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் திறந்த இரண்டாவது வாரமே அப்பா, அம்மாவோடு வந்து சாப்பிட்டேன். நம் குமரி மாவட்டத்தில் ஸ்டேக்குக்கென்றே, அதாவது தடித்த இறைச்சித் துண்டைக் கல்லில் வாட்டித் தருவதற்கென்றே, ஒரு கடை வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மீடியமாகக் கேட்டேன், அப்படியே வந்தது. மேலே கருக மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு, கையளவு நல்லமிளகு. குறையே இல்லை.

அப்பாவின் தட்டுதான் மனதை உறுத்துகிறது. மார்த்தாண்டம் சந்தையில் இறைச்சி வாங்கி, தேங்காய்க் கொத்து போட்டு நிதானமாக வேகவைத்து வரட்டி, மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். எப்படி வேண்டும் என்று பையன் கேட்டதும், "நல்லா வேகட்டும்" என்றார். வந்தது கடிக்க முடியாத துண்டு. பாதியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தார். திரும்பும் வழியில்தான் கேட்டார்: "அது என்ன இறைச்சி மக்களே?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் பட்டியலில் 'பீஃப் ஸ்டேக்' என்ற பெயரும் விலையும் மட்டும்தான் இருந்தன.

தப்பு அந்தப் பையனுடையது அல்ல. அப்பா சொன்ன 'நல்லா வேகட்டும்' வேறு, உள்ளேயும் சிவப்பு தெரியாதவரை கல்லில் வாட்டும் உங்கள் 'வெல் டன்' வேறு. தொடை, தோள் போன்ற உழைத்த தசைகளில் இருக்கும் சவ்வு, ஈரத்தோடு நெடுநேரம் வெந்தால்தான் இளகும். கல்லில் போட்டு, துண்டின் உள்ளே 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் சாறெல்லாம் வெளியேறி இறுகத்தான் செய்யும். அதிலும் 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாட்டையோ எருமையையோதான் பொதுவாக அறுக்கச் சான்று கிடைக்கும். முற்றிய இறைச்சி. நம் வீட்டுப் பெண்கள் பொறுமையாக வரட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆகவே பட்டியலைத் தமிழில் எழுதுங்கள். மாடா எருமையா, அண்டர்கட் என்கிற மென்மையான துண்டா தொடையா, பச்சையாக எத்தனை கிராம் என்று போடுங்கள். 'நல்லா வேகட்டும்' என்று ஒரு பெரியவர் சொன்னால், அடுப்பில் வைக்கும் முன்பே என்ன வரும் என்று எடுத்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே மெதுவாக வேகவைத்து, கடைசியில் மட்டும் கல்லில் வாட்டிய துண்டு ஒன்றும் இருந்தால், அப்பா போன்றவர்களும் எங்களோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

அப்புறம், மீன். நம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரையும் சுறாவும் பிடிப்பதில் பேர்போனவர்கள். நல்ல சூரை மீனின் சதை மாட்டிறைச்சி போலவே சிவப்பாக, கெட்டியாக இருக்கும். கல்லில் இரண்டு பக்கமும் சட்டென்று வாட்டி எடுத்தால் போதும். இவ்வளவு பக்கத்தில் அது கிடைக்க, உங்கள் பட்டியலில் மீன் ஸ்டேக் ஒன்றுகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பமும் ஊருக்கு வருகிறது. எட்டுப் பேராக வருவோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அதற்குள் பட்டியலை மட்டுமாவது மாற்றி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்